கரிஜினி பள்ளத்தாக்குகளில் குடும்பத்தோடு ஒரு நாள்: கிளம்புவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும்?

பெர்த்துக்குக் குடிவந்து ஒரு வருஷம் ஆனதும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இன்னும் கரிஜினி போகலையா?" மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே இருக்கும் தேசியப் பூங்கா அது. சிவப்புப் பாறைச் சுவர்களுக்கு நடுவே பச்சைத் தண்ணீர் நிற்கும் படங்களைப் பார்த்ததும் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். போகலாம், கட்டாயம் போக வேண்டிய இடம்தான். ஆனால் தகவல்கள் பத்து இடத்தில் சிதறிக் கிடக்கின்றன. அனுமதி ஒரு தளத்தில், முகாம் முன்பதிவு இன்னொன்றில், சாலை நிலவரம் வேறொன்றில். வாடகைக் காரின் நிபந்தனைகளோ, கையெழுத்துப் போட்ட பிறகு படிக்கிற பொடி எழுத்தில். நானும் என் மனைவியும் இரவு இரவாக உட்கார்ந்து இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தோம். அடுத்துப் போகிறவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

சின்னப் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா என்று கலந்து போகும் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது இது. சாகசம் தேடிப் போகும் இளைஞர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே முதல் செப்டம்பர் வரைதான் குடும்பத்தோடு போகும் காலம். கரிஜினி இருப்பது பில்பரா வட்டாரத்தில், பெர்த்திலிருந்து சாலை வழியே ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் வடக்கே. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் மழைக்காலம், திடீர் வெள்ளம் வரும், சாலைகளும் பள்ளத்தாக்குகளும் மூடப்படும்.

குளிர்காலத்துக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. ஜூன், ஜூலையில் பகல் இதமாக இருக்கும், இரவு நடுக்கும். வெயிலே எட்டாத குளங்களில் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். நீச்சல்தான் முக்கியம் என்றால் மே மாதமோ செப்டம்பர் தொடக்கமோ நல்லது. நடைதான் முக்கியம் என்றால் ஜூன், ஜூலை.

ஜூலைப் பள்ளி விடுமுறையில் போவதாக இருந்தால் ஜனவரியிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். காரணம் அடுத்த படியில்.

2. தங்குமிடம் கிடைத்த பிறகு மற்றதைப் பாருங்கள்

விமான டிக்கெட், கார் எல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் தங்குமிடம் தேடுவதுதான் புதிதாக வருபவர்கள் அதிகம் மாட்டும் இடம். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். தங்க மூன்று வழிகள் உண்டு.

பூங்காவுக்குள் டேல்ஸ் முகாம் இருக்கிறது. அரசின் பார்க் ஸ்டே தளத்தில் 180 நாட்களுக்கு முன்பே முன்பதிவு திறக்கும், விடுமுறை வாரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கட்டணம் குறைவு, பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. ஆனால் மின்சாரம் கிடையாது, குளியலறை கிடையாது. கழிப்பறை குழிக் கழிப்பறைதான். முட்டிவலி உள்ள பெற்றோரோடு கூடாரத்தில் தங்குவது சரிவருமா என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஜாஃப்ரி கார்ஜ் (கார்ஜ் என்றால் பள்ளத்தாக்கு) பக்கத்திலுள்ள கரிஜினி ஈக்கோ ரிட்ரீட். கட்டிலோடு நிரந்தரக் கூடாரங்களும் உணவகமும் உண்டு. சீசனில் ஓர் இரவுக்கே சில நூறு டாலர் ஆகிவிடும்.

மூன்றாவது, டாம் பிரைஸ் என்ற சுரங்க ஊரில் தங்கி, காலையில் வண்டியில் போய் மாலையில் திரும்புவது. சூப்பர் மார்க்கெட், பெட்ரோல், மருத்துவமனை, போன் சிக்னல் நான்கும் அங்கே உண்டு. முதல்முறை போகும் குடும்பத்துக்கு நான் சொல்வது இதைத்தான். டேல்ஸ் பகுதிக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும், ஆனாலும் சாயங்காலம் சுடுதண்ணீரில் குளித்துவிட்டுப் படுக்கலாம். சுரங்கப் பணியாளர்கள் வார நாட்களில் அறைகளை நிரப்பிவிடுவார்கள். வார இறுதியில் அறை கிடைப்பது சுலபம்.

3. விமானமா, சாலையா?

பெர்த்திலிருந்து பூங்காவுக்குக் கிட்டத்திலுள்ள சுரங்க ஊர்களான பாராபர்டூவுக்கும் நியூமனுக்கும் விமானம் உண்டு, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சுரங்க ஆட்களுக்கான வழித்தடம் என்பதால் கட்டணம் ஏறி இறங்கும். நான்கைந்து பேருக்கு டிக்கெட், அங்கே வாடகைக் கார் என்று கூட்டிப் பார்த்தால் கனமான தொகை.

சாலையில் போனால் கிரேட் நார்தர்ன் நெடுஞ்சாலை. மவுண்ட் மேக்னெட், மீக்காதாரா, நியூமன் வழியாகப் போகும். ஒரே நாளில் ஓட்ட நினைக்காதீர்கள். மீக்காதாராவிலோ மவுண்ட் மேக்னெட்டிலோ ஓர் இரவு தங்க வேண்டும். போக வர 2,800 கிலோமீட்டர், உள்ளே சுற்றுவதற்கு இன்னும் ஐந்நூறு. நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் குடிக்கும் வண்டி என்றால் 330 லிட்டர் ஆகிறது. உள்நாட்டுப் பெட்ரோல் நிலையங்களில் லிட்டருக்கு இரண்டு டாலருக்கு மேலும் போகும். ஆக, எரிபொருளுக்கு மட்டும் 700 டாலர் ஒதுக்குங்கள்.

எங்கே பெட்ரோல் பார்த்தாலும் நிரப்புங்கள், அரை டாங்க் இருக்கிறதே என்று தாண்டிப் போகாதீர்கள். பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது. டாம் பிரைஸும், பூங்காவின் கிழக்கே நெடுஞ்சாலையில் இருக்கும் ஆஸ்கி ரோட்ஹவுஸும்தான் பக்கத்து நிலையங்கள்.

இந்தச் சாலையில் ரோட் டிரெயின்கள் ஓடும். 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள லாரித் தொடர்கள் அவை. முந்த வேண்டுமானால் எதிரே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வெறிச்சென்று தெரிய வேண்டும். தெரியவில்லையா, பின்னாலேயே போங்கள்.

4. வாடகைக் காரின் ஒப்பந்தத்தைப் பணம் கட்டும் முன் படியுங்கள்

இந்தப் படிதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. இணையத்தில் பதிவு செய்யும்போது சொல்லாத நிபந்தனைகளைக் கவுன்டரில் சாவி கொடுக்கும்போது ஒரு நிறுவனத்தில் சொன்னார்கள். நீங்கள் முன்கூட்டியே நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மண்சாலையில் ஓட்டலாமா? கரிஜினிக்குள் பிரதான சாலைகள் தார் போட்டவை. ஆனால் எல்லாப் பள்ளத்தாக்குக்கும் தார்ச்சாலை கிடையாது. சாதாரணக் கார்களுக்குப் பல நிறுவனங்கள் மண்சாலையை அனுமதிப்பதில்லை. மீறிப் போய் ஏதாவது ஆனால் காப்பீடு செல்லாது.

இருட்டிய பிறகு ஓட்டலாமா? மேற்கு ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் ஊர் எல்லைக்கு வெளியே இரவில் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் இருக்கும். கங்காருவும் மாடும் சாலைக்கு வருவதுதான் காரணம். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் இருட்டில் ஓட்டாதீர்கள்.

நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் இலவசம்? சில இடங்களில் நூறு கிலோமீட்டர்தான். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காசு. டாம் பிரைஸிலிருந்து டேல்ஸ் போய் வந்தாலே அது தாண்டிவிடும்.

எதிர் வண்டி இல்லாமல் கார் தானே கவிழ்ந்தால் காப்பீடு உண்டா? பல அடிப்படைத் திட்டங்களில் இது விலக்கு.

குழந்தை இருக்கையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வயதுக்கேற்ற இருக்கையில்தான் உட்கார வேண்டும், அது ஆஸ்திரேலியத் தரச்சான்று பெற்றதாக இருக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த இருக்கை எவ்வளவு நல்லதானாலும் இங்கே சட்டப்படி செல்லாது. காரோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள், சின்ன ஊர் விமான நிலையங்களில் உபரி இருக்காது.

5. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஓட்டுநர் உரிமம். இந்தியாவிலிருந்து சுற்றுலா வரும் உறவினரும் ஓட்டப் போகிறார் என்றால், ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கி வரச் சொல்லுங்கள். ஒரு வருஷம் செல்லும். இங்கே வந்த பிறகு வாங்க வழியில்லை. தமிழ்நாட்டு உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு, ஆனால் வாடகை நிறுவனம் கேட்டால் வாதாட முடியாது. நிரந்தர வசிப்புரிமையோடு வந்தவர்களுக்கு வெளிநாட்டு உரிமத்தில் ஓட்டக் காலவரம்பு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

பூங்கா அனுமதி. ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு 17 டாலர், ஆளுக்கு அல்ல. ஜூலையில் கட்டணம் மாறுவது வழக்கம் என்பதால் போகும் முன் ஒருமுறை பாருங்கள். போகிற வழியில் வேறு பூங்காக்களும் பார்ப்பதாக இருந்தால் பல நாள் விடுமுறை பாஸ் மலிவாக முடியும். சிக்னல் இருக்கும்போதே இணையத்தில் வாங்கி அச்செடுத்து வையுங்கள்.

பயணக் காப்பீடு. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர் விஷயத்தில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. இந்தியாவோடும் இலங்கையோடும் ஆஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் இல்லை, எல்லாச் செலவும் கைக்காசுதான். இங்கே குடியிருக்கும் நமக்கும் ஆம்புலன்ஸ் கட்டணம் மெடிகேர் என்ற அரசு மருத்துவத் திட்டத்தில் வராது. ஒருமுறை கூப்பிட்டால் ஆயிரம் டாலரை ஒட்டி வரும். தனியார் காப்பீட்டில் ஆம்புலன்ஸ் மட்டும் சேர்க்கும் திட்டம் உண்டு, பெரிய தொகை இல்லை. போகும் முன் எடுத்துவிடுங்கள்.

கடற்கரை ஊரான கராத்தாவிலிருந்து டாம் பிரைஸுக்கு ரயில் பாதையை ஒட்டிய சாலையில் வர நினைப்பவர்களுக்கு இன்னொன்று. அது ரியோ டின்டோ சுரங்க நிறுவனத்தின் சாலை. அனுமதி இலவசம்தான், ஆனால் பாதுகாப்புக் காணொளி பார்த்துவிட்டு முன்பே எடுத்திருக்க வேண்டும்.

6. எந்தப் பள்ளத்தாக்கு? உங்கள் குடும்பத்தில் யாரால் குறைவாக நடக்க முடியுமோ, அவரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஆஸ்திரேலியாவில் நடைபாதைகளுக்கு ஒன்று முதல் தரம் போட்டிருப்பார்கள், எண் கூடக் கூடக் கடினம். கரிஜினியில் பாதைத் தொடக்கத்தில் உள்ள பலகையில் அந்த எண் இருக்கும். மூன்றும் நான்கும் குடும்பத்தோடு போகலாம், நான்கில் பாறை தாண்ட வேண்டிவரும். ஐந்து என்றால் வழுக்குப் பாறையில் கையூன்றி இறங்குவது, இடுப்பளவு தண்ணீரைக் கடப்பது எல்லாம் உண்டு. ஆறுக்குத் தகுதி பெற்ற வழிகாட்டியும் கயிறும் இல்லாமல் போகக் கூடாது.

முதல் நாளுக்கு டேல்ஸ் கார்ஜ். யோசிக்கவே வேண்டாம். பாறை விளிம்பில் நடந்து மேலிருந்தே பள்ளத்தாக்கைப் பார்க்கலாம், இறங்க முடியாத பெரியவர்களுக்கு அதுவே நிறைவாக இருக்கும். ஃபோர்டெஸ்கியூ அருவிக்கு உலோகப் படிக்கட்டு உண்டு. பக்கத்திலேயே கைப்பிடியும் இருப்பதால் என் அம்மா நிதானமாக நின்று நின்று இறங்கினார். அருவி படிப்படியான பாறைகளில் வழிந்து ஒரு குளத்தில் விழுகிறது. அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் ஃபெர்ன் குளம். மரமேடையிலிருந்து ஏணி நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். ஏணியில் உட்கார்ந்து காலை நனைத்தால் விரல் நீள மீன்கள் கூடிவந்து பாதத்தைக் கொத்தும். பிள்ளைகளுக்குக் கூச்சம் தாங்காது. தலைக்கு மேலே மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஃபெர்ன் குளம் இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு, பஞ்சிமா மக்களுக்கு, முக்கியமான இடம். சத்தம் போடாமல் இறங்குங்கள், எங்கிருந்தும் குதிக்காதீர்கள். ஊருணியில் இறங்கும்போது பெரியவர்கள் நம்மை எப்படி அடக்கி வைப்பார்களோ அப்படி. பிள்ளைகளுக்கு மேலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள், அங்கே போய் அதட்டினால் அதுவே சத்தம்.

இரண்டாவது நாள் இருந்தால் கலமினா கார்ஜ். இறக்கம் சின்னது, உள்ளே ஓரளவு சமதளமாக ஓடையோரம் நடக்கலாம், கூட்டமும் குறைவு. ஆனால் அங்கே போக மண்சாலை, ஆகவே நான்காவது படியின் முதல் கேள்வியை நினைவில் வையுங்கள்.

ஹேன்காக் கார்ஜும் வீனோ கார்ஜும்தான் இணையப் படங்களில் அதிகம் வருபவை. ஹேன்காக்கில் இரண்டு சுவரிலும் கையும் காலும் ஊன்றி நகரும் குறுகிய வழியைத் தாண்டித்தான் கெர்மிட் குளம். வீனோவில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கித்தான் ஹேண்ட்ரெயில் குளம். இரண்டும் ஐந்தாம் தரம். நன்றாக நீந்தும் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, பெரியவர் ஒருவருக்கு ஒரு பிள்ளை என்ற கணக்கில் இருந்தால் யோசிக்கலாம். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஹேன்காக்கில் இறங்குவது வேண்டவே வேண்டாம்.

கெர்மிட் குளத்துக்கு அப்பால் இருப்பதற்கு ரீகன் குளம் என்று பெயர். 2004-இல் அங்கே ஒருவரை மீட்கப் போன தன்னார்வலர் ஜிம் ரீகன் திடீர் வெள்ளத்தில் உயிரிழந்தார். நாம் கெர்மிட் குளத்தைத் தாண்டிப் போனால் நமக்காக இறங்கப்போவதும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைதான். இங்கே ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி மேலே கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும்.

7. அன்றைய நாளின் நேரக்கணக்கு

டாம் பிரைஸிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். விடியும் முன் வேண்டாம், விலங்குகள் சாலையில் இருக்கும். போகிற வழியில் பார்வையாளர் மையத்தில் நின்று இரண்டு விஷயம் கேளுங்கள்: இன்று எந்தப் பாதை மூடியிருக்கிறது, மழை வருமா? பாறை விழும் அபாயத்தால் சில பகுதிகள் நீண்ட காலம் மூடியிருப்பது உண்டு, பழைய படத்தைப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள்.

ஒன்பதரைக்கு விளிம்பு நடை. பதினொன்று முதல் இரண்டு வரை குளங்கள். வெயில் உச்சியில் இருக்கும்போதுதான் பள்ளத்தாக்கின் அடிவரை வெளிச்சம் எட்டும், தண்ணீரில் இறங்க அதுவே நேரம். இரண்டரைக்கு மேலே ஏறத் தொடங்குங்கள். களைத்த பிள்ளையோடு ஏறுவதற்கு இறங்கியதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆகும். நான்கு மணிக்கு வண்டி நகர்ந்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும்.

ஹேமர்ஸ்லி கார்ஜையும் அதே நாளில் சேர்த்துவிடலாமே என்று வரைபடத்தைப் பார்த்தால் தோன்றும். அது பூங்காவின் இன்னொரு கோடி. அதற்குத் தனி நாள் வேண்டும்.

வரைபடத்தில் இன்னொரு பொறியும் உண்டு. விட்டனூம் என்ற பெயரைப் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். நீல ஆஸ்பெஸ்டாஸ் தோண்டிய ஊர் அது. அந்த நார்த்துகள் இன்னும் மண்ணிலும் ஓடைகளிலும் கிடக்கிறது, மூச்சில் போனால் பல ஆண்டு கழித்து நோயாக வரும். பக்கத்திலுள்ள யாம்பயர் கார்ஜுக்கும் இதே எச்சரிக்கை.

8. என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

ஆளுக்கு மூன்று முதல் நான்கு லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் வண்டியில் இருபது லிட்டர். பூங்காவுக்குள் குடிதண்ணீர் எங்கும் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

காலுக்கு ரப்பர் செருப்பு ஆகாது. இரும்புப் பாறை காலம் காலமாகத் தண்ணீரில் தேய்ந்து மழமழவென்று இருக்கும். அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கும், நனையவும் செய்யும் ஷூ வேண்டும். பிள்ளைகளுக்கு வெட்சூட் மேல்சட்டை. பத்து நிமிஷம் குளிர்ந்த நீரில் இருந்தாலே உதடு நீலமாகிவிடும், துண்டும் கம்பளிச் சட்டையும் கையோடு கீழே வர வேண்டும், காரில் இருந்து பயனில்லை.

நீந்தத் தெரியாதவர்களுக்கு உயிர்காப்புச் சட்டை. காற்றடைத்த வளையம் அதற்கு ஈடாகாது. குளங்களில் கரையிலிருந்து ஓரடி வைத்ததும் ஆழம் போய்விடும், காவலுக்கு ஆள் கிடையாது. புடவை, சுடிதார், ஜீன்ஸ் எதுவும் தண்ணீருக்குள் வேண்டாம், நனைந்தால் கீழே இழுக்கும். நேரம் இருப்பவர்கள் கோடை விடுமுறையில் அரசு நடத்தும் வேக்ஸ்விம் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள். அடுத்த குளிர்காலத்துக்குள் தைரியம் வந்துவிடும்.

போன் சிக்னலைக் கணக்கில் எடுக்காதீர்கள். பிஎல்பி எனப்படும் அவசரச் சமிக்ஞைக் கருவி வாடகைக்குக் கிடைக்கும். வாங்கினால் முந்நூறு டாலரைத் தாண்டும், பதிவு இலவசம். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், அதற்குள் வராவிட்டால் அவசர எண் 000-வை அழை என்று பெர்த்தில் ஒரு நண்பருக்கு எழுதி அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். திரும்பியதும் அவருக்குச் சொல்லவும் மறக்காதீர்கள்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை மாதிரி வேறொன்று இல்லை, மத்தியானம் வரை கெடாது. தயிர்சாதம் என்றால் எஸ்கியில் (குளிர்ப்பெட்டியில்) ஐஸ் போட்டு வையுங்கள். பூங்காவுக்குள் அடுப்பு மூட்ட விறகு எரிக்கக் கூடாது. மிச்சத்தை ஒரு பருக்கை விடாமல் கட்டி எடுத்து வாருங்கள், டிங்கோ நாய்கள் சுற்றும்.

9. வானம் கறுத்தால்

தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டியதில்லை. மேட்டுப் பகுதியில் எங்கோ பெய்தாலே போதும், பள்ளத்தாக்குக்குள் தண்ணீர் ஏறிவிடும். தண்ணீர் கலங்கினாலோ, இரைச்சல் மாறினாலோ, மேகம் திரண்டாலோ சாமான்களை விட்டுவிட்டு மேலே ஏறுங்கள். முன்பதிவு செய்த பணம் போகிறதே, இவ்வளவு தூரம் வந்தோமே என்று நிற்கக் கூடாத நேரம் அது.

10. காரைத் திருப்பிக் கொடுக்கும்போது

செம்மண் தூசு கதவு இடுக்கு, சீட் துணி என்று எங்கும் படிந்துவிடும். அப்படியே ஒப்படைத்தால் சுத்தக் கட்டணம் என்று நூற்றுக்கணக்கில் பிடிப்பார்கள். டாம் பிரைஸில் காசு போட்டுக் கழுவும் இடத்தில் கழுவி, உள்ளே வேக்யூம் போட்டு, நான்கு பக்கமும் கண்ணாடியும் டயரும் தெரியும்படி படம் எடுங்கள். கண்ணாடியில் கல் தெறித்த புள்ளி இருந்தால் நீங்களே காட்டி எழுதி வாங்குங்கள். முன்பணம் கணக்குக்குத் திரும்பி வரும்வரை அந்தப் படங்களையும் பெட்ரோல் ரசீதையும் அழிக்க வேண்டாம்.